இங்கதான் இருக்கா

கப்பலில் போகலாம் என்று மாமனார் சொன்ன நாளிலிருந்தே சின்னவளுக்குத் தூக்கம் போய்விட்டது. அவர் காலமெல்லாம் ரயில் ஓட்டியவர். ஓய்வு பெற்ற கையோடு, "தண்டவாளமே இல்லாத எடத்துல ஒருதரம் போய்ப் பாக்கணும்" என்று ஆரம்பித்துவிட்டார். இரண்டு மகன்கள், இரண்டு மருமகள்கள், ஒரே மகள், இரண்டு பேரப்பிள்ளைகள் என்று வீட்டைப் பூட்டிக்கொண்டு குடும்பமே கிளம்பியது. தண்ணீர் என்றால் தனக்குக் குலை நடுக்கம் என்று சின்னவள் யாரிடமும் சொல்லவில்லை. ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற வேலை அவளுக்கு. ஊசியைக் கண்டு அலறுகிறவர்களிடம் நாள் முழுக்க "பயப்படாதீங்க, ஒண்ணுமில்ல" என்று சொல்லிச் சம்பளம் வாங்குகிறவள் இதை எந்த வாயால் சொல்வாள்?

கப்பலில் கடைத்தெரு இருந்தது, சினிமாக் கொட்டகை இருந்தது, மாடிக்கு மேல் மாடியாக எழும்பி உச்சியில் நீச்சல் குளமும் இருந்தது. சுற்றிலும் இவ்வளவு கடல் கிடக்க, அதற்கு மேல் ஒரு குளத்தையும் கட்டி வைத்தவனை நினைத்துச் சின்னவளுக்கு எரிச்சலாக வந்தது. மற்றவர்களுக்கோ கொண்டாட்டம். மாமனார் ஏறிய முதல் நாளே வெள்ளைச் சட்டை போட்ட அதிகாரி ஒருவரை மடக்கி, "இதுக்கு பிரேக் எங்க இருக்கு?" என்று கேட்டார். பிரேக்கே கிடையாது என்று அவர் சொன்னதை மாமனார் நம்பவில்லை. இயந்திர அறையைப் பார்த்தே தீருவேன் என்று மறுநாள் காலை இரண்டு மகன்களையும் இழுத்துக்கொண்டு போய்விட்டார்.

மூத்த மருமகள் பெரியவள் மட்டும் ஏறியதிலிருந்து படுக்கைதான். தலையைத் தூக்கினால் வாந்தி. அன்று காலை சின்னவள்தான் குழந்தைகள் இருவரையும் குளிப்பாட்டி, உடுத்தி, அவளிடம் காட்டக் கூட்டிப் போனாள். பெரியவளின் மகளுக்கு ஆறு வயது. உருவத்தில் சிறியவள் என்பதால் பட்டாணி. சின்னவளின் மகனுக்கு நான்கு, அவன் உருண்டை. ஏன் என்று சொல்லத் தேவையில்லை.

"உன்கிட்ட விட்டுட்டா எனக்குக் கவலையே இல்லடி" என்றாள் பெரியவள், கண்ணைத் திறக்காமலே.

"நீங்க நிம்மதியா தூங்குங்கக்கா. நான் பாத்துக்கறேன்."

அந்தக் குடும்பத்தின் நடைமுறை ஒன்றைச் சொல்லியாக வேண்டும். அவர்கள் வீட்டில் பிள்ளைகள் பொதுச்சொத்து. யார் யாருக்குச் சோறு ஊட்டினார்கள், யார் பக்கத்தில் யார் தூங்கினார்கள் என்று எவரும் கணக்கு வைத்துக்கொள்வதில்லை. அடுப்படியிலிருந்து ஒருத்தி "பட்டாணி எங்க?" என்று குரல் கொடுத்தால், ஏதோ ஓர் அறையிலிருந்து யாராவது "இங்கதான் இருக்கா" என்பார்கள். சொன்னவர் குழந்தையைப் பார்த்திருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. வாசல் கதவு சாத்தியிருக்கிறது, பிள்ளை கட்டிலுக்கு அடியிலோ அலமாரிக்குள்ளோ இருக்கும், அவ்வளவுதான். இத்தனை வருடத்தில் அந்தப் பதில் ஒருமுறைகூடப் பொய்த்ததில்லை. துணிமணியோடு அந்தப் பழக்கத்தையும் மூட்டை கட்டிக் கப்பலுக்குக் கொண்டுவந்திருந்தார்கள். கப்பலுக்கு வாசல் கதவு கிடையாது என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை.

குழந்தைகளுக்கான குளத்தில் முழங்கால் ஆழம்கூட இல்லை. அதில் உருண்டை மிதவை வளையத்தோடு அமர்ந்திருந்தான். சின்னவள் விளிம்பில் உட்கார்ந்து வளையத்தின் கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிப் பிடித்திருந்தாள். அவன் குனிந்தால் இவளுக்கு மூச்சு நின்றது. அவன் தண்ணீரைத் தட்டிச் சிரித்தால் இவளும் சிரித்துவைத்து, ஒரு படம் எடுத்துக்கொண்டாள்.

சாய்வு நாற்காலியில் கிடந்த நாத்தனார் கறுப்புக் கண்ணாடியைக் கழற்றாமல் கேட்டாள். "அண்ணி, பட்டாணி எங்க?"

"இங்கதான் இருக்கா."

நாத்தனார் எழுந்து போய் மூன்று ஐஸ்கிரீமோடு திரும்பி வந்தாள். ஒன்றை உருண்டையிடம் கொடுத்தாள். ஒன்றைத் தானே நக்கிக்கொண்டாள். மூன்றாவதைக் கையில் வைத்துக்கொண்டு சுற்றும் முற்றும் பார்த்தாள்.

"பட்டாணி! வாடி, உருகுது!"

யாரும் வரவில்லை. "எங்க அண்ணி அவ? இங்கதான்னு சொன்னீங்க?"

அப்போதுதான் சின்னவள் தலையை நிமிர்த்தினாள். குளத்தைச் சுற்றி வேற்றுப் பிள்ளைகள் ஓடிக்கொண்டிருந்தார்கள். சறுக்குமரத்தில் இல்லை. நாற்காலிகளுக்கு நடுவில் இல்லை. துண்டுகள் அடுக்கிய அலமாரிக்குப் பின்னால் போய்ப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. உருண்டையைத் தண்ணீரிலிருந்து வாரி இடுப்பில் வைத்துக்கொண்டு பெரியவர்களின் குளத்துக்கு ஓடினாள். நீலத் தண்ணீரின் அடியில் எதுவும் கிடக்கவில்லை. கிடக்கவில்லை என்று நிச்சயமாவதற்குள் அவளுக்கு உயிர் போய்விட்டது.

பிறகு கைப்பிடிக் கம்பிக்கு வந்தாள். ஏறிய நாளிலிருந்து அந்தப் பக்கமே போகாதவள் இப்போது இடுப்பு வரைக்கும் சாய்ந்து கீழே பார்த்தாள். எங்கோ அடியில் வெள்ளை வெள்ளையாக நுரை பின்னால் ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு நுரைத் திட்டும் ஒரு சின்னக் கையாகத் தெரிந்தது. கத்த வாயைத் திறந்தாள், காற்றுதான் வந்தது.

அந்த நேரத்தில் அவளுக்குள் ஒன்று ஓடியது. நல்லவேளை, உருண்டை என் இடுப்பில் இருக்கிறான். அப்படி நினைத்த மறுகணமே அவளுக்கு உடம்பு கூசியது. ஆனால் நினைத்தது நினைத்ததுதான்.

நாத்தனார் அதற்குள் குளத்துக் காவலரைக் கூட்டிவந்துவிட்டாள். அவர் வாக்கி டாக்கிக் கருவியில் ஏதோ பேச, சீருடை போட்ட பெண் அதிகாரி ஒருத்தி வந்தாள். ஆர்ப்பாட்டம் எதுவும் இல்லாமல், மெதுவாக, ஒவ்வொன்றாகக் கேட்டாள். எத்தனை வயது, எவ்வளவு உயரம், கடைசியாகப் பார்த்தது எங்கே.

"என்ன உடை போட்டிருந்தா?"

உருண்டைக்கு என்ன போட்டோம் என்று சின்னவள் பித்தான் வரைக்கும் சொல்லுவாள். பட்டாணிக்கும் இதே கையால்தான் போட்டுவிட்டாள். ஆனால் என்ன நிறம்? சிவப்பா? பூப்போட்டதா? மண்டையைப் பிளந்து தேடினாலும் கிடைக்கவில்லை.

"போன்ல படம் இருக்குமே?" என்றாள் அதிகாரி.

இருந்தது. உருண்டை தண்ணீரில், உருண்டை வளையத்தில், உருண்டை பல்லைக் காட்டிக்கொண்டு. சின்னவள் விரலால் தள்ளத் தள்ள அவன்தான் வந்துகொண்டே இருந்தான். கடைசியில் ஒரு படத்தின் ஓரத்தில், பாதி வெட்டுப்பட்டு, ஒரு மெல்லிய தோளும் மஞ்சள் சட்டைக்கையும் தெரிந்தன. அதை அதிகாரியும் பார்த்தாள், நாத்தனாரும் பார்த்தாள். சின்னவளுக்கு அந்த இடத்திலேயே செத்துவிடலாம் போல இருந்தது.

மஞ்சள் சட்டை, ஆறு வயதுப் பெண் குழந்தை என்று ஒலிபெருக்கி கப்பல் முழுக்கச் சொன்னது. அறைகளிலும் அது கேட்கும். கேட்டுவிட்டுப் பெரியவள் வந்தாள். தலைவிரி கோலமாக, வெறுங்காலோடு, சுவரைப் பிடித்துக்கொண்டும் ஆட்களைப் பிடித்துக்கொண்டும் வந்தாள். முகத்தில் சொட்டு ரத்தம் இல்லை.

"என் பொண்ணுதானா?" என்று மட்டும் கேட்டாள்.

சின்னவள் தலையை ஆட்டினாள். பெரியவள் அவளைத் திட்டியிருக்கலாம், தலைமயிரைப் பிடித்து உலுக்கியிருக்கலாம். அவளோ நேராகக் கம்பிக்குப் போய்க் கீழே பார்த்தபடி நின்றாள். அழவும் இல்லை. மாமனாரும் மகன்களும் மூச்சிரைக்க ஓடி வந்தார்கள். "கப்பல நிறுத்தச் சொல்லுடா! மொதல்ல நிறுத்தச் சொல்லு!" என்று மாமனார் கத்தினார். முந்தைய நாள் அந்த வாய் பிரேக்கைக் கேட்டபோது எல்லோரும் சிரித்தார்கள். இப்போது ஒருவரும் சிரிக்கவில்லை.

அதிகாரியின் கருவி கரகரத்தது. காதில் வைத்துக் கேட்டவள், "மஞ்சள் சட்டையா? மறுபடி சொல்லுங்க" என்றாள். பிறகு எல்லோரையும் பார்த்து, "கிடைச்சாச்சு. நல்லா இருக்கா" என்றாள்.

பெரியவள் நின்ற இடத்திலேயே தரையில் உட்கார்ந்துவிட்டாள்.

கதை இதுதான். பட்டாணிக்கு அம்மா நினைப்பு வந்திருக்கிறது. மின்தூக்கியில் யாரோ இறங்கும்போது தானும் இறங்கியிருக்கிறாள். அது அவர்கள் அறை இருந்த மாடிக்கு ஒரு மாடி கீழே. அதே நீளத் தாழ்வாரம், அதே கம்பளம், அதே கதவுகள். மூலையிலிருந்து எண்ணிப் போய்த் தங்கள் கதவு என்று நினைத்த கதவைத் தட்டியிருக்கிறாள். உள்ளே ஆளில்லை. துப்புரவு செய்ய வந்த பெண் பார்க்கும்போது, முழங்காலைக் கட்டிக்கொண்டு கதவோரம் உட்கார்ந்திருந்தாளாம்.

அந்தப் பெண்ணின் கையைப் பிடித்துக்கொண்டு வந்தவள் அம்மாவைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினாள். "எவ்வளவு நேரம் தட்டினேன்! ஏம்மா தெறக்கல? கோவமா?"

பெரியவள் அவளை இழுத்துத் தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தாள். முழுசாக இருக்கிறாள் என்று தெரிந்த பிறகுதான் பயமெல்லாம் கோபமாகத் திரும்பியது. "சொல்லாம கொள்ளாம எந்திரிச்சு வருவியா? ஆங்?"

"சித்திகிட்ட சொல்லிட்டுத்தானே வந்தேன்! அம்மாகிட்ட போறேன்னேன். ம், போன்னாங்க."

"பொய் வேற சொல்றியா? சித்தி அப்படி உன்னத் தனியா விடுவாளா?" பெரியவளின் கை ஓங்கியது.

சின்னவளுக்கு அப்போது நினைவு வந்தது. முதுகுப் பக்கம் யாரோ சட்டையை இழுத்தார்கள். இரண்டு முறை இழுத்தார்கள். உருண்டை குனிந்துகொண்டிருந்தான். இவள் ஏதோ சொன்னாள், என்ன சொன்னாள் என்று அவளுக்கே தெரியவில்லை. சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இந்தக் குடும்பத்தில் தன் இடம் என்ன ஆகும் என்ற பயம் தடுத்தது. அவள் தயங்கியது ஒரே மூச்சு நேரம்தான். அதற்குள் பளீரென்று அடி விழுந்துவிட்டது.

"அடிக்காதீங்கக்கா!" சின்னவள் பாய்ந்து நடுவில் விழுந்தாள். "அவ பொய் சொல்லல. எங்கிட்ட சொல்லிட்டுத்தான் போயிருக்கா. நான்தான் காதுலயே வாங்கல. எங்கன்னு கேட்டப்பகூட இங்கதான்னு சொன்னேன். திரும்பிக்கூடப் பாக்காம சொன்னேங்க்கா."

பெரியவள் அவளையே பார்த்தாள். அழுகிற பிள்ளையைத் தூக்கித் தோளில் போட்டுக்கொண்டு, தள்ளாடித் தள்ளாடித் தன் அறைக்குப் போனாள். கதவு சாத்திக்கொண்டது.

அன்று முழுக்க அந்தக் கதவைத் தட்டச் சின்னவளுக்குத் துணிச்சல் வரவில்லை. "விடு, குழந்தைதான் கிடைச்சிருச்சே" என்று கணவன் சொன்னது காதில் ஏறவில்லை. கடலைக் கண்டு பயந்தாளே, அதெல்லாம் இப்போது ஒன்றுமே இல்லை. திறக்கும்போது அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன முகம் இருக்கும் என்பதுதான் பயமாக இருந்தது.

மறுநாள் காலை பெரியவள் தானே மாடிக்கு வந்தாள். ஒரு கையில் பட்டாணி, மறு கையில் வாந்திக்கான காகிதப் பை. குளத்தருகே நிழலில் ஒரு நாற்காலியில் பொத்தென்று விழுந்தாள். இனி யாரையும் நம்பி விடுவதாக இல்லை போலும் என்று சின்னவள் நினைத்துக்கொண்டாள். நினைக்க வலித்தது, ஆனால் நியாயம்தான் என்று பட்டது. தண்ணீரில் வளையத்தோடு இருந்த உருண்டையை விட்டுவிட்டு, அவள் பக்கத்தில் போய் நின்றாள். உட்கார் என்று சொல்லாததால் நின்றுகொண்டே பட்டாணியைப் பார்த்தாள். இமைக்காமல் பார்த்தாள். அவள் தண்ணீரில் இறங்கினாள், ஏறினாள், துண்டைப் போர்த்திக்கொண்டாள். பிங்க் சட்டை, முட்டி வரைக்கும் நீலக் கால்சட்டை, இடது காதோரம் ஒரு கிளிப். எல்லாவற்றையும் மனசில் எழுதிக்கொண்டாள்.

பெரியவள் பைக்குள் குனிந்து குமட்டினாள். வாயைக்கூடத் துடைக்காமல் நிமிர்ந்து, "உருண்டை ஏணியில ஏறுறான் பாரு. ஓடு!" என்றாள்.

சின்னவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். பெரிய பிள்ளைகளின் சறுக்குமர ஏணியில், வளையம் இல்லாமல், ஈரக் காலோடு பாதி உயரத்துக்கு ஏறியிருந்தான் அவன். எப்போது தண்ணீரிலிருந்து எழுந்தான், எப்போது அங்கே போனான், ஒன்றும் இவளுக்குத் தெரியாது. ஓடிப் போய் அவன் காலைப் பிடித்தாள்.

அவனைத் தூக்கிக்கொண்டு திரும்பி வந்தாள். பெரியவள் காகிதப் பையின் வாயை மடித்துக்கொண்டிருந்தாள்.

"நேத்து அவனையே பாத்துக்கிட்டு இருந்த. இன்னிக்கு இவளையே பாத்துக்கிட்டு இருக்க" என்றாள். குரலில் கோபம் இல்லை, களைப்புதான் இருந்தது. "எனக்குத் தலை சுத்துது. கொஞ்சம் கண்ண மூடிக்கறேன். ரெண்டு பேரையும் பாத்துக்கோ."

சொல்லிவிட்டு நிஜமாகவே கண்ணை மூடிக்கொண்டாள். சின்னவள் உருண்டைக்கு வளையத்தை மாட்டித் தண்ணீரில் இறக்கினாள். நாற்காலியில் உட்காராமல் குளத்துக்கு எதிரே தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பட்டாணியைப் பார்த்தாள், உருண்டையைப் பார்த்தாள், மறுபடியும் பட்டாணியைப் பார்த்தாள்.