வரலாறு படித்தவள் உருப்படாமல் போன கதை

1

இந்தக் கதைக்கு உத்வேகம், உள்ளொளி, ஜன்னலோரம் தோன்றிய பொறி என்று எதுவும் கிடையாது. என் அக்கா ஆர்டர் கொடுத்தாள். செவ்வாய்க்கிழமை காலை, வேலைக்குக் கிளம்பும் அவசரத்தில், செருப்பை மாட்டிக்கொண்டே.

"வரலாறு படிச்ச ஒருத்தி உருப்படாம போற மாதிரி ஒரு கதை எழுதுடா."

"எதுக்கு?"

"நம்ம டவுட்டுக்கு. நான் சொன்னா கேக்க மாட்டா. நீ எழுதினதுன்னா ஒரு எழுத்து விடாம படிப்பா. படிச்சுப் பயப்படட்டும்."

டவுட்டு என்பது அக்கா மகள். (ஆறு வயதில் கண்ணாமூச்சி ஆடும்போதே, "நூறு வரைக்கும் எண்ணினேன்னு சொல்றியே, சாட்சி யாரு?" என்று கேட்டவள். பெயர் ஒட்டிக்கொண்டது.) பல்கலைக்கழகத்தில் வரலாறு, இரண்டாம் ஆண்டு. அக்கா ஆஸ்பத்திரி மருந்துக் கவுண்டரில் தலைமை. மேலதிகாரியைப் பிடித்து மகளுக்குப் பார்மஸி படிப்பில் ஓர் இடம் பேசி வைத்திருக்கிறாள். வெள்ளிக்கிழமைக்குள் போய்ச் சேர வேண்டும். சேர்ந்தால் வரலாற்றைப் பாதியில் விட வேண்டும். மகள் ஆமாம் என்றும் சொல்லவில்லை, மாட்டேன் என்றும் சொல்லவில்லை. அத்தான் நடுநிலை. அதாவது செய்தித்தாளுக்குப் பின்னால்.

நான் முப்பது வருடமாக வாரப் பத்திரிகைகளில் திகில் தொடர் எழுதுகிறவன். அக்கா வீட்டு மாடியில் குடியிருக்கிறேன். வாடகை கேட்காத அக்கா கதை கேட்டால் மறுக்க முடியுமா?

2

முதல் தொடக்கம்:

*அந்த எலும்புக்கூட்டின் விரலில் மோதிரம் மட்டும் புத்தம் புதிதாக இருந்தது. வரலாற்று மாணவி மெல்லக் குனிந்து...*

கூடாது. படிக்கிற யாருக்கும் இந்த இடத்திலேயே வரலாற்றின் மேல் ஆசை வந்துவிடும். மாணவியைப் பயமுறுத்தச் சொன்னால், சேர்க்கைக்கு விளம்பரம் எழுதிக்கொண்டிருக்கிறேன்.

இரண்டாம் தொடக்கம்:

*வேலை காலி இல்லை என்ற பலகையைப் பார்த்ததும் அவள் கண்கள்...*

கண்கள் என்ன செய்தன? பனித்தன, குளமாயின, இருண்டன. மூன்றையும் போன வாரத் தொடரிலேயே செலவழித்துவிட்டேன்.

மூன்றாம் தொடக்கத்தில் இருக்கும்போது பத்திரிகை ஆசிரியர் அழைத்தார்.

"சார், பொணம் எந்தப் பக்கத்துல சார்?"

"இது வேற மாதிரி கதை சார்."

"வேற மாதிரின்னா? ரெண்டு பொணமா?"

(மூன்றாம் தொடக்கம் இந்த உரையாடலுக்குப் பிறகு உயிரோடு இல்லை.)

3

சிக்கல் என்னவென்று எனக்கே புரிந்தது. கொலைகாரனை எழுதுவேன், கடத்தல்காரனை எழுதுவேன். வரலாறு படித்து உருப்படாமல் போனவளை நான் பார்த்ததே இல்லை. புதன்கிழமை பூராவும் அப்படி ஒரு ஆளைத் தேடி அலைந்தேன்.

கிடைத்தால்தானே!

முதலாமவர் இன்சூரன்ஸ் கம்பெனியில் இழப்பீட்டு மனுக்களைச் சரிபார்க்கிறார். "ஒரே விபத்தை நாலு பேர் பார்த்தா நாலு விபத்து சார். காலேஜ்ல எங்களுக்குக் கத்துக் குடுத்ததே அதுதானே" என்று சிரித்துக்கொண்டே பிஸ்கட் நீட்டினார். அடுத்தவர் நகரசபை ஆவண அறையில் இருக்கும் அம்மாள். தெருவைத் தோண்டுவதற்கு முன்னால் பொறியாளர்கள் இவரிடம் வந்து, பழைய குழாய் எந்தப் பக்கம் போகிறது என்று கேட்டுவிட்டுத்தான் போகிறார்கள். இன்னொருவர் வக்கீல் அலுவலகத்தில் பழைய நிலப் பத்திரங்களைப் படித்துச் சொல்கிறார். அருங்காட்சியகத்தில் ஒருத்தி. கண்ணாடிப் பெட்டிக்கு அடியில் இருக்குமே நாலு வரி, அதை எழுதுகிற வேலை. ஒரு பெட்டிக்கு ஒரு மாதம் ஆகுமாம்.

"நாலு வரிக்கு ஒரு மாசமா?" என்றேன், வயிற்றெரிச்சலில்.

"நீங்க ஒரு நிமிஷத்துல எழுதறீங்க. அதான் உங்க தொடர்ல மூணாவது வாரம் செத்தவன் ஏழாவது வாரம் வந்து காபி குடிக்கிறான்."*

ஐந்தாமவன் தொலைக்காட்சி நிலையத்தில் ஆவணப்படங்களுக்குத் தகவல் திரட்டுகிறான். என்னோடு பேசவே நேரமில்லை என்றான். அதுதான் எனக்கு அதிகமாக வலித்தது.

ஐந்து பேரையும் கதையிலிருந்து அடித்தேன். ஒரு பிரயோஜனம் இல்லாத ஜென்மங்கள். எல்லோருக்கும் வேலை இருக்கிறது!

(* அவன் இரட்டைச் சகோதரன். பத்தாவது வாரத்தில் விளக்கியிருந்தேன். அவள் அதற்குள் படிப்பதை நிறுத்தியிருந்தால் நான் பொறுப்பல்ல.)

4

ஆறாவது ஆள் கிடைத்தார்.

ஒரு கல்லூரியின் ஆசிரியர் அறை. மூலையில் ஒரு நாற்காலி. அதற்கு மேசை கிடையாது, பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வரலாற்று விரிவுரையாளர், தற்காலிகம். பதினோரு வருடமாகத் தற்காலிகம்.

"ஒவ்வொரு வருஷமும் என்னைப் புதுசா வேலைக்கு எடுக்கறாங்க. அதே நாற்காலிக்கு. விடுமுறை மாசத்துக்குச் சம்பளம் கிடையாது. எழுதிக்கோங்க."

எழுதிக்கொண்டேன். பேனா பறந்தது. இதோ என் கதாநாயகி! வயிற்றுப் புண், கிழிந்த பை, எல்லாம் தானாக வந்து விழுகிறது.

"நான் எத்தனையாவது ஆள்?" என்றார் திடீரென்று.

"ஆறாவது."

"மத்த அஞ்சு பேர் என்ன ஆனாங்க?"

"அவங்க... நல்லா இருக்காங்க."

"அதனால விட்டுட்டீங்க."

பேனா நின்றது.

"நான் படறது பொய் இல்ல சார். தாராளமா எழுதுங்க. ஆனா அந்த அஞ்சு பேரையும் வெட்டிட்டு என்னை மட்டும் நிறுத்தினீங்கன்னா அதுக்குப் பேரு ஜோடனை. என் மாணவன் எவனாவது இப்படி எழுதிட்டு வந்தா பேப்பரை மூஞ்சியில விட்டெறிவேன்."

மணி அடித்தது. அவர் வகுப்புக்கு ஓடினார். ஓடினார் என்பது மிகையில்லை, பை ஒரு பக்கம் தொங்கத் தொங்க ஓடினார்.

[இந்த இடத்தில் கதாசிரியன் மனம் மாறி ஆறு பேரையும் எழுதினான் என்று சொல்லத்தான் ஆசை. மாறவில்லை. ஜோடனைதான் என் பிழைப்பு. வீட்டுக்கு வந்து அவரை மட்டும் வைத்து, அக்கா கீழிருந்து கொடுத்த திருத்தங்களோடு, ஒரே மூச்சில் முடித்தேன்.]

5

வியாழக்கிழமை மதியம் டவுட்டு என் அறையில் நின்றபடியே படித்தாள். கையில் பென்சில். அதைப் பார்த்தபோதே நான் சுதாரித்திருக்க வேண்டும்.

"மாமா, இது யார் சொல்லி எழுதினது?"

"கற்பனைம்மா."

"உங்க கற்பனையா? உங்க கதைன்னா ரெண்டாவது பாராவுக்குள்ள ஒருத்தர் செத்துடுவாங்க. இதுல கடைசி வரைக்கும் எல்லாரும் உயிரோட இருக்காங்க."

"ஒரு மாறுதலுக்கு..."

"சரி. உங்க ஆளுங்க மாத்திரை சாப்பிட்டா வாயில நுரை தள்ளும். இவ வயித்துப் புண்ணுக்குப் போடறா. அதுவும் சாப்பாட்டுக்கு அரை மணி முன்னாடி, வெறும் வயித்துல, கடிக்காம முழுங்கறா. நீங்க தலைவலி மாத்திரையையே கடிச்சுத் திங்கிற ஆளு. இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

நான் ஜன்னலைப் பார்த்தேன்.

"அம்மாதானே?"

முப்பது வருடமாகக் கொலையாளியைக் கடைசி அத்தியாயம் வரை ஒளித்து வைத்தவன் நான். இவள் மின்விசிறிக்குக் கீழே நின்று பத்தே நிமிடத்தில் பிடித்துவிட்டாள். வெறுத்துப்போய் எல்லாவற்றையும் கொட்டினேன். செருப்பு மாட்டிக்கொண்டே கொடுத்த ஆர்டர், அடித்த ஐந்து பேர், அடிக்காத ஆறாவது ஆள்.

மற்றவற்றுக்கெல்லாம் தலையாட்டினாள். ஆறாவது ஆளைச் சொன்னபோது மட்டும் பென்சிலை மேசைமேல் வைத்தாள்.

6

"என்ன, படிச்சாளா?" என்று அக்கா மாடி ஏறி வந்தாள்.

"படிச்சேன். வெட்கமா இல்லையாம்மா? நேரா கேட்டிருக்கலாம்ல?"

"நேரா கேட்டா நீ பதிலா சொல்றே? திருப்பி ரெண்டு கேள்வி கேக்கறே!"

"உனக்கு என்னதான் பயம்?"

அக்காவின் குரல் இறங்கியிருந்தது.

"கவுண்டர்ல நிக்கிறேன்டி நான். சீட்டைக் குடுத்து, விலையைக் கேட்டு, அப்புறம் பாதி அட்டை போதும்னு சொல்றவங்களைத் தினம் பாக்கறேன். ரசீதுல போடற கையெழுத்தப் பாத்தாலே தெரியும், நல்லாப் படிச்சவங்கன்னு. நாளைக்கு நீ அந்தப் பக்கம் நின்னா நான் என்னடி பண்ணுவேன்?"

டவுட்டு கேட்டாள்: "அவங்கல்லாம் என்ன படிச்சவங்கன்னு கேட்டியா?"

(இதைத்தான் நான் வரலாற்றுக்காரர்களின் வியாதி என்பேன். எதிரே ஒருத்தி கண் கலங்கி நிற்பாள். இவர்கள் ஆதாரம் கேட்பார்கள்.)

"கேக்கலடி. பாதி அட்டைய வாங்கிட்டுத் தலையக் குனிஞ்சுக்கிட்டுப் போறவங்ககிட்ட அதைக் கேக்க எனக்கு வாய் வரல."

நான் வசனம் எழுதிக் கொடுக்க முடியாத இடம் இது. டவுட்டின் முகத்தில், கேட்டிருக்கக் கூடாது என்பது தெரிந்தது.

"எனக்குத் தெரியலம்மா."

"என்ன தெரியல?"

"வேலை கிடைக்குமான்னு. அந்த அஞ்சு பேர் மாதிரி ஆவேனா, ஆறாவது ஆள் மாதிரி ஆவேனான்னு. தெரியலன்னு சொன்னா நீ கையப் பிடிச்சு இழுத்துட்டுப் போய்ச் சேத்துடுவே. அதான் வாயே திறக்கல." பென்சிலை மறுபடி கையில் எடுத்துக்கொண்டு, "ஆனா இந்தப் படிப்பு எனக்குப் பிடிச்சிருக்கு. அது மட்டும்தான் தெரியும்."

அக்கா கட்டிலில் உட்கார்ந்தாள், என் இரண்டாம் பிரதியின் மேல்.

"இதை முன்னாடியே சொல்றதுக்கு என்ன?"

"நீ எங்க கேட்டே? கதையில்ல எழுதச் சொன்னே."

அக்கா என்னை முறைத்தாள். என்னை எதற்கு?

"கீழ வா. பேசணும்" என்று மகளைக் கூட்டிக்கொண்டு போனாள். சமையலறைக் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. எங்கள் வீட்டில் அந்தக் கதவை யாரும் சாத்தி நான் பார்த்ததில்லை.

7

அவர்கள் இன்னும் உள்ளேதான் இருக்கிறார்கள். மாலைக்குள் இந்தக் கதை பத்திரிகை ஆசிரியர் கைக்குப் போக வேண்டும்.

முடிவு அ: *வெள்ளிக்கிழமை காலை, வெள்ளைக் கோட்டு போட்டுக்கொண்டு அவள்...* அக்காவுக்குப் பிடிக்கும். டவுட்டு எதற்கு ஒப்புக்கொண்டாள் என்பதற்கு என்னிடம் ஒரு வரி இல்லை.

முடிவு ஆ: *வரலாற்றுத் துறைப் படிகளில் அவள் மீண்டும்...* பார்த்தீர்களா, படி ஏறினால் வெற்றி என்று எனக்கு யார் சொல்லிக் கொடுத்தது? அந்தப் படி மேசையில்லாத நாற்காலிக்கும் போகும்.

முடிவு இ: சமையலறைக் கதவைத் திறந்தால் ஒரு பிணம். ஆசிரியருக்குப் பிடிக்கும். என் வீட்டு ஆட்களை வைத்து அதை எழுத எனக்கே கை வரவில்லை.

மாடிப்படியில் நின்று காதைக் கொடுத்துப் பார்த்துவிட்டேன். என் தொடர்களில் கதவுக்கு வெளியே நிற்கிறவனுக்கு எல்லாம் தெளிவாகக் கேட்கும். எனக்கு அக்காவின் குரல் கேட்டது, வார்த்தை கேட்கவில்லை. பிறகு மகளின் குரல். பிறகு இருவரும் சேர்ந்து ஒரே நேரத்தில். சண்டையா, சிரிப்பா? கதவு தேக்குக் கதவு, பாழாய்ப்போனது.

ஆகவே வாசகரே, நான் வியாழக்கிழமையில் மாட்டிக்கொண்டு நிற்கிறேன். நீங்கள் இதைப் படிக்கும்போது வெள்ளி எப்போதோ போயிருக்கும். முடிவு உங்கள் பக்கத்தில் நடந்து முடிந்திருக்கிறது. என்றைக்காவது ஏதோ ஒரு கவுண்டரில், அந்தப் பக்கம் நிற்கிறவள் நீங்கள் சொன்னதை அப்படியே எடுத்துக்கொள்ளாமல், நீட்டிய தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்து, "இது யார் எழுதிக் குடுத்தது?" என்று உயிரை எடுத்தால், தயவுசெய்து சண்டைக்குப் போகாதீர்கள். அது எங்கள் டவுட்டாக இருக்கலாம். அவள் முன்னால் மருந்துச் சீட்டு இருக்கிறதா, பழைய பத்திரம் இருக்கிறதா, அதை மட்டும் பாருங்கள்.

பார்த்துவிட்டு எனக்கு ஒரு வரி எழுதிப் போடுங்கள். முப்பது வருடமாக உங்களை வாராவாரம் காக்க வைத்தவன் கேட்கிறேன்.