பூட்டுப் போட்ட துப்பாக்கி

வீடு வீடாகப் போய்த் துப்பாக்கிக்குப் பூட்டுக் கொடுக்கிற வேலையை என் கணவர் தாகாக் இழுத்துப் போட்டுக்கொண்டதிலிருந்து எங்கள் வீட்டுக்கு ஊரில் பெயர் 'பூட்டுக்காரர் வீடு'. கடைக்குப் போனால், உன் வாய்க்கு ஒன்று போடவில்லையா என்று என்னைக் கேட்பார்கள். நானும் சும்மா விடமாட்டேன். கேலியில் முதல் ஆள் இவருடைய சித்தப்பா மகன் கௌனாக். இவரோடு வேட்டைக்குப் போகாமலும் இருக்கமாட்டான், இவரைச் சீண்டாமலும் இருக்கமாட்டான்.

சண்டை இதுதான். உறைபனிக் கடலோரத்து எங்கள் ஊரில் துப்பாக்கி வீட்டுக்குள் வராது. வேட்டை முடிந்ததும் கணப்பில்லாத வெளிநடையிலோ சறுக்குவண்டி மேலோ குளிரிலேயே கிடக்கும். பிள்ளைகள் அதைத் தாண்டித்தான் விளையாடப் போவார்கள். போன குளிர்காலத்தில் அப்படிக் கிடந்த ஒன்றை எடுத்து விளையாடப் போய் ஒரு பிள்ளைக்குப் பாதம் போனது. அதற்குப் பிறகுதான் இவர், உள்ளே கொண்டுவாருங்கள், விசைக்குப் பூட்டுப் போடுங்கள் என்று கிளம்பினார். உள்ளே வந்தால் துப்பாக்கி வேர்க்கும், மறுநாள் வெளியே போனதும் அந்த வேர்வை உள்ளுக்குள் உறையும் என்றான் கௌனாக். துணியால் துடைத்தால் போதும் என்றார் இவர். கடைசியில் தன் மனைவி அழுது அடம்பிடித்ததால் கௌனாக்கும் துப்பாக்கியை உள்ளே கொண்டுவரத் தொடங்கினான்.

ஒருநாள் காலை இருவரும் சீல் என்கிற கடல்நாய் வேட்டைக்குப் போனார்கள். மத்தியானம் இவர் வெறுங்கையோடு வந்து நின்றார். உறைந்த கடலில் இருந்த துளைக்குப் பக்கத்தில் ஒரு சீல் வெயில் காய்ந்துகொண்டிருந்ததாம். குறிபார்த்து விசையை இழுத்தால் சத்தமே இல்லை. சீல் நழுவித் தண்ணீருக்குள் போய்விட்டது. கௌனாக் பனியில் விழுந்து புரண்டு சிரித்திருக்கிறான். பூட்டிப் பூட்டி அதற்கும் பேச்சு மறந்துபோச்சு என்றானாம். போதாததற்கு, தோட்டாவை எடுக்கலாமென்றால் அதன் அறையைத் திறக்கிற கைப்பிடி அசையவில்லை. உள்ளே பனி இறுகியிருந்தது.

தோட்டா உள்ளேதான் இருக்கிறது என்று இவருக்குத் தெரியும். அதனால் ரொம்பவே கவனமாக இருந்தார். விசைக்குப் பூட்டைப் போட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, கணப்புக்குப் பக்கத்தில் நாற்காலிகள் மேல் துப்பாக்கியைப் படுக்கவைத்தார். அப்போது ஆளில்லாத சுவர்ப்பக்கமாக அதன் வாயைத் திருப்பினார். பனி உருகட்டும், திறந்து எடுத்துவிடுகிறேன் என்று சொல்லிவிட்டு மீன் நறுக்கப் போனார்.

அந்தச் சுவரில்தான் மேலங்கி மாட்டும் ஆணிகள் இருக்கின்றன. நான் அப்போதுதான் மாமாவை முதுகில் சுமந்துகொண்டு வெளியிலிருந்து வந்தேன். மாமா என்றால் எங்கள் மகள், இரண்டு வயது. என் மாமனார் ஆக்லக் இறந்த பிறகு பிறந்தவள், அவர் பெயரையே வைத்தோம். பெயரோடு ஆளும் வந்துவிடுவார் என்பது எங்கள் வழக்கம். அதனால் இவர் அவளை அப்பா என்பார், நான் மாமா என்பேன். அவளிடம் மரியாதை குறைத்துப் பேசமாட்டேன். அங்கியின் முதுகுப்பையில் தூங்கிக்கொண்டிருந்தவள் சிணுங்கினாள். அவள் நனைத்ததில் என் முதுகெல்லாம் ஈரம்.

"இறங்குங்க மாமா. உங்க வயசுக்கு இதெல்லாம் நல்லாவா இருக்கு" என்று அவளைத் தரையில் இறக்கிவிட்டு, அங்கியை ஆணியில் மாட்டினேன். மாற்றுத்துணி எடுக்கத் திரும்பினேன்.

துப்பாக்கி வெடித்தது.

காது அடைத்துப்போய் எனக்கு எதுவும் கேட்கவில்லை. மகள் வாயைத் திறந்து அழுவது மட்டும் தெரிந்தது. நாற்காலிகளுக்குப் பக்கத்தில் யாருமே இல்லை. இவர் மீன் வெட்டிய கத்தியோடு கணப்புக்கு அந்தப்பக்கம் நின்றுகொண்டிருந்தார். விசையில் பூட்டு போட்டது போட்டபடி இருந்தது. பிறகுதான் அங்கியைப் பார்த்தேன். முதுகுப்பையில், அவள் தலை சாய்ந்திருந்த இடத்தில், ஓட்டை. அதற்குப் பின்னால் சுவரிலும் ஓட்டை, அதன் வழியே வெளிச்சம் வந்தது.

இவர் கத்தியைப் போட்டுவிட்டுத் தவழ்ந்து வந்து, "அப்பா, அப்பா" என்று அவள் தலையை, முதுகை, காலைத் தடவித் தடவிப் பார்த்தார். அவளுக்கு ஒன்றுமில்லை என்று தெரிந்ததும் நான் அவரை அடித்தேன். எங்கே அடித்தேன், எவ்வளவு அடித்தேன் என்று தெரியாது. அவர் தடுக்கவில்லை.

பிறகு துப்பாக்கியின் பூட்டைத் தொட்டுப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "விசைய நான் காலைலயே இழுத்துட்டேன். தோட்டாவக் குத்துற ஊசி பனியில மாட்டிக்கிட்டு பாதி வழியில நின்னுருக்கு. பனி உருகுனதும் வந்து குத்திருச்சு. பூட்டு என்ன பண்ணும்."

சாயங்காலம் ஊர்க்கூடத்தில் அவருடைய துப்பாக்கிப் பாதுகாப்பு வகுப்பு. போகமாட்டேன் என்றார். இனிமேல் ஒருத்தனும் பூட்டு வாங்கமாட்டான், எல்லாத் துப்பாக்கியும் பழையபடி பிள்ளைகள் காலடிக்கே போய்விடும் என்றார். எனக்கு ஆத்திரம் அடங்கவில்லை. "உங்க மானம் போனா போகட்டும். இன்னொரு வீட்டு அங்கியில ஆளு இருந்தா என்ன பண்ணுவீங்க?" என்றேன். அவர் எழுந்து காலணியை மாட்டினார்.

கூடத்தில் தேநீரும் ரொட்டியும் கைமாறிக்கொண்டிருந்தன. கௌனாக் முன்னால் நின்று, இவர் குறிபார்த்த விதத்தையும் சத்தம் வராமல் விழித்த விழியையும் நடித்துக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லோரும் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். இவர் எழுந்து, பூட்டுப் போட்ட துப்பாக்கி மத்தியானம் என் வீட்டுக்குள் வெடித்தது என்றார். அதற்கும் சிரித்தார்கள். நான் அங்கியை விரித்து, ஓட்டைக்குள் விரலை விட்டுக் காட்டினேன். சிரிப்பு நின்றது. இவர் ஒன்றையும் மறைக்கவில்லை. உறைந்த துப்பாக்கியை வீட்டுக்குள் உருக்கக் கூடாது, துப்பாக்கியைப் பெட்டிக்குள் பூட்டிக் குளிரான வெளிநடையிலேயே வைக்க வேண்டும், கௌனாக் சொன்னதை நான் கேட்டிருக்க வேண்டும் என்றார்.

வாதத்தில் ஜெயித்த கௌனாக் பேயறைந்தவன்போல் நின்றான்.

"அண்ணி, அது கணப்புக்கிட்டயா இருந்துச்சு?" என்றான்.

ஆமாம் என்றேன். அங்கிகூட மாட்டாமல் வெளியே ஓடினான்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. வேட்டையிலிருந்து இவர் திரும்பி வந்த பிறகு கௌனாக்கின் துப்பாக்கியும் விசையை இழுத்து வெடிக்காமல் உறைந்திருக்கிறது. அவ்வளவு சிரித்த வாயால் அதை யாரிடம் சொல்வான்? கமுக்கமாகக் கொண்டுபோய்க் கணப்பருகில் வைத்திருக்கிறான். அவன் மகள்கள் அந்தக் கணப்புக்கு முன்னால்தான் உட்கார்ந்து டிவி பார்ப்பார்கள். நாங்கள் எல்லோரும் பின்னால் ஓடினோம்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது அவன் துப்பாக்கியை வானத்தைப் பார்க்கப் பிடித்துக்கொண்டு வாசலுக்கு வந்திருந்தான். யாரும் இல்லாத கடல்பக்கம் திருப்பிக் கைப்பிடியை இழுத்தான். தோட்டா பனியில் விழுந்தது. இவர் குனிந்து எடுத்து, திருப்பிப் பார்த்துவிட்டு, கௌனாக்கிடம் நீட்டினார். தோட்டாவின் பின்பக்கம், நட்டநடுவில், ஊசி குத்திய பள்ளம் இருந்தது. வெடிக்கும் அளவுக்குப் பலமாகக் குத்தவில்லை, அவ்வளவுதான்.

கௌனாக் அதை விரலால் தடவினான். உள்ளே டிவியில் ஏதோ வேடிக்கை போலிருக்கிறது, மகள்கள் சிரித்தார்கள்.

"இது எப்பக் குத்துச்சுண்ணே?" என்றான். "நான் அங்க உங்கள மாதிரி நடிச்சுக் காட்டிக்கிட்டு இருந்தப்பவா?"