ஐந்து, ஒன்று, ஏழு, இரண்டு

"அத்தத் தொடாதீங்க!"

அம்மணி போட்ட சத்தத்தில், முக்காலியை நகர்த்தக் குனிந்த இரண்டு பேரும் கையை எடுத்துவிட்டார்கள். அழுதுகொண்டிருந்த பெண்கள்கூட ஒரு கணம் நிறுத்தினார்கள். நீலமேகத்தின் உடலைக் குளிப்பாட்ட வெளியே எடுக்க வேண்டும். வாசலுக்கும் பாய்க்கும் நடுவே அந்த முக்காலி நின்றது. அதன் மேல் சதுரங்கப் பலகை, பாதி ஆட்டத்தில்.

அம்மணி புருஷனின் தலைமாட்டிலிருந்து எழுந்தாள். நிறைகுடத்தைத் தூக்குகிற மாதிரி பலகையை இரண்டு கையாலும் சாயாமல் தூக்கி, மூலையிலிருந்த தகரப் பெட்டியின் மேல் வைத்தாள். ஒரு காய்கூட விழவில்லை. திரும்பி வந்து பழைய இடத்தில் உட்கார்ந்தாள்.

"பாவம், புத்தி கலங்கிப்போச்சு," என்றாள் பின்னாலிருந்த ஒருத்தி.

அம்மணிக்கு அது காதில் விழுந்தது. அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். இடமிருந்து ஏழாவது வரிசை, கீழிருந்து இரண்டாவது கட்டம். ராசா அங்கேதான் நின்றது. நகரவில்லை.

அவளுக்குச் சதுரங்கம் ஆடத் தெரியாது. எண்ணத் தெரியும். தபாலில் ஆடுகிறவர்களுக்கு அது போதும். பலகையில் எட்டு வரிசை, ஒவ்வொரு வரிசையிலும் எட்டுக் கட்டம். வெள்ளைக் காய்க்காரனுக்கு இடப்பக்கத்திலிருந்து வரிசைகளை எண்ணுவார்கள், அவன் பக்கத்திலிருந்து கட்டங்களை எண்ணுவார்கள். 5254 என்று எழுதினால், ஐந்தாவது வரிசையில் இரண்டாம் கட்டத்தில் இருக்கும் காய் அதே வரிசையில் நான்காம் கட்டத்துக்குப் போகிறது. முதல் இரண்டு எண் புறப்படும் இடம், அடுத்த இரண்டும் போய்ச் சேரும் இடம். காயின் பெயரைச் சொல்லவே வேண்டாம். ஒரு நாட்டில் யானை என்பதை இன்னொரு நாட்டில் கோட்டை என்கிறார்கள். எண்களில் அந்த வம்பே கிடையாது. பேச ஒரு பொது மொழி இல்லாத இரண்டு பேர் ஆடுவதற்கென்றே யாரோ யோசித்துச் செய்த ஏற்பாடு அது.

நீலமேகத்தோடு தபாலில் ஆடிய அந்த இன்னொருவன் ஹங்கேரி நாட்டில் இருந்தான். பெயர் போட்னார் இம்ரே. இவர்கள் ஊரான கோட்டைக்குப்பத்தில் எல்லோருக்கும் அவன் 'அங்கேரிக்காரன்'. எழுபத்தெட்டில், மெட்ராஸ் பத்திரிகை ஒன்றின் கடைசிப் பக்கத்தில் தபால் ஆட்டத்துக்கு ஆள் தேடுவோர் முகவரிகள் வந்திருந்தன. மகன் வடிவேலு படித்துக் காட்ட, நீலமேகம் அந்தப் பெயரில் விரலை வைத்தார். ஏன் அந்தப் பெயர் என்று அவருக்கே தெரியாது.

ஒரு கார்டு போய் பதில் வர ஒன்றரை மாதம் ஆகும். அது நீலமேகத்துக்குப் பெரிதாகத் தெரியவில்லை. ஏரியில் வலை போடுவதே முறைவைத்துத்தான். இன்ன நாள் இன்னாருக்குப் பாடு என்று ஊர் கூடி முடிவு செய்யும். தன் பாடு வரும்வரை எவ்வளவு மீன் துள்ளினாலும் கரையில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அப்படி உட்கார்ந்து பழகியவருக்கு ஒன்றரை மாதம் என்ன?

முதல் கார்டில் அங்கேரிக்காரன் எண்ணுக்குக் கீழே நாலு வரி எழுதியிருந்தான். யாருக்கும் புரியவில்லை. நீலமேகமும் மரியாதைக்குத் தமிழில் நாலு வரி எழுதினார். அவனுக்கும் புரிந்திருக்காது. அப்புறம் அவன் எழுதுவதை விட்டுவிட்டு, கார்டின் மூலையில் அன்றைக்கு அவன் ஊர் வானம் எப்படி இருந்தது என்று சின்னதாக வரைந்து அனுப்பினான். இவரும் வரைந்தார்.

படம் என்றால் எல்லோருக்கும் புரிந்துவிடும் என்றுதான் இருவரும் நினைத்தார்கள். ஒருமுறை அவன் வீட்டுக் கூரைக்கு மேலே புள்ளி புள்ளியாக வைத்திருந்தான்.

"கொசு," என்றார் நீலமேகம்.

"இம்மாங் கொசுவா? பாவம், எப்டித்தான் தூங்குறானோ," என்றாள் அம்மணி.

பதில் கார்டில், சட்டியில் வேப்பிலை போட்டு மூட்டம் போடுவதை வரைந்து அனுப்பினார். அவன் அதைக் குளிருக்கு நெருப்பு என்று எடுத்துக்கொண்டானோ என்னவோ, சிரிக்கிற முகம் ஒன்றைப் போட்டு அனுப்பினான். அடுத்த கார்டில் ஒரு ஆள் அந்தப் புள்ளிகளை மண்வெட்டியால் அள்ளிக் குவித்துக்கொண்டிருந்தான். அப்போதுதான் அது பனி என்று வடிவேலு கண்டுபிடித்தான். இவர் மட்டும் சரியாக எழுதினாரா? முகத்துவாரம் மணல் மூடி, ஏரித் தண்ணீர் கொதித்து மீன் செத்து மிதந்த வைகாசியில், வயிற்றெரிச்சலோடு பெரிய சூரியனாக வரைந்து அனுப்பினார். அவன் அதற்கு, நீந்திக் களிக்கும் ஒரு ஆளை வரைந்து அனுப்பினான். அவன் ஊரில் வெயில் என்றால் கொண்டாட்டம் போலிருக்கிறது.

ஆறு மாதம் முன்பு நீலமேகம் படுக்கையில் விழுந்தார். வயிற்றில் நீர் கோத்துக்கொண்டது. கை நடுங்கியது. அன்றிலிருந்து அம்மணி அவருடைய கையானாள். அவர் எண் சொல்வார், அவள் காயை நகர்த்திவிட்டு, வடிவேலு முன்கூட்டியே முகவரி எழுதிவைத்த கார்டில் அந்த எண்ணை எழுதுவாள்.

நேற்று மத்தியானமும் சொன்னார். "அஞ்சு, ஒண்ணு, ஏழு, ரெண்டு." அவள் எழுதினாள். மறுபடி ஒருமுறை சொல்லச் சொல்லிச் சரிபார்த்தாள். அதே எண். விடிவதற்குள் போய்விட்டார். கார்டு இன்னும் அவள் முந்தானையில் முடிந்திருந்தது.

உடலைக் குளிப்பாட்டிப் பந்தலில் கிடத்தினார்கள். பாடை கட்டி முடியவில்லை. வடிவேலு உள்ளே வந்து தகரப் பெட்டியின் முன் குந்தினான். மீஞ்சூரில் ஒரு பட்டறையில் வேலை பார்ப்பவன். அங்கே மதியச் சோற்றுக்குப் பிறகு சதுரங்கம் ஆடுவான். பலகையை வெகுநேரம் பார்த்தான்.

"அம்மா, இத யாரு நவுத்தினது?"

"நான்தான்."

"தப்பு. ராசா இப்டிப் போவாது. அதுக்கு எந்தப் பக்கமும் ஒரு கட்டந்தான். இங்கேர்ந்து இங்க தாண்டிக் கீது பாரு."

"உங்க நைனாதான் சொன்னாரு."

"எப்போ?"

"நேத்து மத்தியானம்."

வடிவேலு மெதுவாகச் சொன்னான். "நேத்து மத்தியானம் என்னியே யாருன்னு கேட்டாரும்மா."

அம்மணி முந்தானை முடிச்சைப் பிடித்துக்கொண்டாள்.

"இத அனுப்பாத. அந்தாளு இன்னா நெனப்பான்? கெழவனுக்கு மூள கலங்கிப்போச்சுன்னு சிரிப்பான். அவங்கிட்டயே ஒரு ஆட்டம் ஜெயிச்சவரு நைனா. கடைசியில இப்டியா போவணும்? நான் இங்கிலீஷ்ல நாலு வரி எழுதிர்றேன். இந்தமாரி எறந்துட்டாரு, ஆட்டத்த உனுக்கே உட்டுக்குடுத்துட்டாருன்னு."

"அவனுக்கு இங்கிலீஷ் தெரியாதேடா."

"யார்னா படிச்சிச் சொல்வாங்க."

அவன் அப்பாவின் பேரைக் காப்பாற்றத்தான் சொல்கிறான் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனால் புருஷன் கடைசியாகச் சொன்ன நாலு எண்ணும் ஆட்டமா, இல்லை ஜுரத்தில் வந்த பிதற்றலா? ஆடத் தெரிந்திருந்தால் அவளுக்கே தெரிந்திருக்கும். இத்தனை நாளும் வெறுமனே எண்ணிக்கொண்டிருந்துவிட்டாள்.

அப்போது அபூபக்கர் வந்தார். பழவேற்காட்டில் கயிறும் வலைநூலும் விற்கிறவர். நீலமேகம் சதுரங்கம் ஆடப் பழகியதே அவர் கடையில்தான். தபால் ஆட்டம் தொடங்கிய பிறகு, "எதிர்ல ஒருத்தன் குந்திக்கினு கீறேன், உனக்குக் கண்ணு தெரில. கடலுக்கு அந்தாண்ட கீறவன்கூட ஆடப் போய்ட்டே," என்று அவர் சொல்லாத நாளில்லை. பந்தலில் நண்பனின் முகத்தைப் பார்த்துவிட்டு, கண்ணைத் துடைத்தபடி உள்ளே வந்தார்.

"தங்கச்சி..." என்று ஆரம்பித்தவர் பலகையைப் பார்த்ததும் நின்றார். குனிந்தார். சட்டென்று சிரித்துவிட்டார். சாவு வீட்டில் சிரிப்புச் சத்தம் கேட்டு நாலு தலை திரும்பின. துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா பாய்?" என்றான் வடிவேலு கோபமாக.

"இது நம்ம கட ஆட்டம்டா. ஒரு தபாகூட ராசாவ யாரும் ஷா சொல்லி மெரட்டாம இருந்தா, ஆட்டத்துல ஒரே ஒரு தாட்டி ராசா குதிர மாரி தாண்டலாம். ரெண்டு கட்டம் போயி ஒரு கட்டம் ஒடியலாம். எங்க வாப்பா காலத்துலேர்ந்து இப்டித்தான். வெள்ளக்காரன் ஆட்டத்துல இது கெடையாது."

"அதான் பாய் நானும் சொல்றேன். அவங்கிட்ட இது செல்லாது."

"செல்லாதுதான். மொத ஆட்டத்துலயே தெரியாம இதப் பண்ணிட்டான் உங்க நைனா. வேற ஒருத்தனா இருந்தா தப்புன்னு எழுதியிருப்பான். அவன் இன்னா பண்ணான்? தோ, செவுத்துல கீதே."

எல்லோரும் சுவரைப் பார்த்தார்கள். காலண்டருக்குப் பக்கத்தில் நாலு வருடமாக ஒட்டியிருந்த கார்டு, அடுப்புப் புகையில் பழுப்பேறியிருந்தது. முடி தரித்த ஒரு ராசா, குதிரை மேல் உட்கார்ந்து தாண்டுகிற படம். குதிரையின் நாலு காலும் ஆகாயத்தில். கீழே 5172.

"அதுக்கு அப்பறம் ரெண்டு பேரும் வெள்ளக்கார மொறையிலதான் ஆடுனாங்க. ஆனா நீலமேகம் இந்தக் கார்ட பாத்துப் பாத்துச் சிரிப்பான். 'இன்னொருவாட்டி அந்தக் குதிரைய உடணும் பாய்'னுவான்." அபூபக்கர் பலகைப் பக்கம் திரும்பினார். "இந்த ஆட்டத்த பாரு. வெள்ளக்கார மொறையில இன்னும் ரெண்டு நவுத்தல்ல ராசா மாட்டிக்கும். தப்பிக்க வழியே கெடையாது. இப்டித் தாண்டுனாத்தான் உண்டு."

வடிவேலு கார்டையும் பலகையையும் மாறி மாறிப் பார்த்தான். "அவுரு படுத்திருந்தது இந்தச் செவுத்தப் பாத்துதான? நெனவில்லாம அந்த நம்பரயே படிச்சிருப்பாரு. தெரிஞ்சா சொன்னாரு?"

அம்மணி நிமிர்ந்தாள். காலையில் போட்ட அந்தச் சத்தத்துக்குப் பிறகு அப்போதுதான் அவள் குரல் தெளிவாக வந்தது.

"தலமாட்டாண்ட நின்ன உன்னியே தெரியாத கண்ணுக்கு, அம்மாந் தூரத்துல கீற நம்பர் தெரியுமாடா?"

வெளியே பறை அடிக்கத் தொடங்கியது. வடிவேலு எழுந்து போய், சுவரிலிருந்த கார்டுக்கு மிக அருகில் நின்றான். திரும்பி வந்தபோது அவன் கண் சிவந்திருந்தது.

"செரி. போட்டுரலாம்."

புருஷனை இழந்தவள் காரியம் முடியும்வரை வாசலைத் தாண்டக் கூடாது. வடிவேலு கொள்ளிச்சட்டி தூக்க வேண்டும். தபாலாபீஸுக்குப் போக அபூபக்கர்தான் உண்டு. அம்மணி முடிச்சை அவிழ்த்துக் கார்டை எடுத்தாள். வானம் வரைய விட்ட மூலை காலியாக இருந்தது. நேற்று அவர் அதைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. சிம்னி விளக்கைக் கழற்றி, உள்ளே படிந்திருந்த கரியை விரலில் ஒற்றினாள். நல்ல செய்திக்கு மஞ்சள் தடவுகிற நாலு மூலையிலும் கரியைத் தடவினாள்.

"இது அவனுக்குப் புரியுமா தங்கச்சி?" என்றார் அபூபக்கர்.

"பனிய நாம கொசுன்னோம். அப்பால புரியலயா?"

அவர் கார்டைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பாடைக்குப் பின்னால் நடந்தார். உடல் தெருமுனையைத் தாண்டியதும் பெண்கள் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி வீட்டைக் கழுவினார்கள். பாய் போயிற்று, தலையணை போயிற்று, மருந்துச் சீசாக்கள் போயின. தகரப் பெட்டிப் பக்கம் மட்டும் யாரும் தண்ணீர் ஊற்றவில்லை.

காரியம் முடிந்தது. வடிவேலு மீஞ்சூருக்குப் போனான். ஐப்பசி மழை பிடித்துக்கொண்டு, ஏரி குப்பத்தின் பின்பக்கம் வரை ஏறி வந்த ஒரு காலையில், தபால்காரர் குடையை மடக்காமலேயே கார்டை நீட்டினார். முகவரியில் நீலமேகத்தின் பெயர்தான் இருந்தது.

5877.

வேறொன்றும் இல்லை. எப்போதும் வானம் வரைகிற மூலையில் எதுவும் இல்லை. கார்டைச் சுற்றி நாலு ஓரத்திலும் கறுப்பு மையில் ஒரு கோடு. அளவுகோல் வைக்காமல் கையால் இழுத்தது, ஓரிடத்தில் மட்டும் நடுங்கியிருந்தது.

அம்மணி பலகையைப் பெட்டியிலிருந்து இறக்கி முக்காலியின் மேல் வைத்தாள். புருஷன் உட்காரும் பக்கத்தில் உட்கார்ந்தாள். இடமிருந்து ஐந்தாவது வரிசை, எட்டாவது கட்டம். அங்கே கறுப்பு ராசா நின்றது. அதைத் தூக்கினாள். ஏழாவது வரிசை, ஏழாவது கட்டம். வைத்த பிறகு, அது போன வழியை விரலால் ஒருமுறை தொட்டுப் பார்த்தாள். ரெண்டு கட்டம் போய் ஒரு கட்டம் ஒடிந்திருந்தது.

இப்போது இரண்டு ராசாக்களும் ஒரே வரிசையில், இந்தப் பக்கம் ஒன்றும் அந்தப் பக்கம் ஒன்றுமாக, நேருக்கு நேர் நின்றன.

சாரல் அடித்தது. அம்மணி எழுந்து, பலகைப் பக்கம் இருந்த ஜன்னல் கதவை மட்டும் சாத்தினாள்.