வீடு கேட்டவர்கள்

தோட்டத்தை வாங்கிய கம்பெனி, தொழிலாளர்களின் வரிசை வீடுகளான லயத்தை இடிக்க வந்த அன்று, மண்வாரி இயந்திரத்தின் முன்னால் முதலில் போய் உட்கார்ந்தவள் விமலா. ரவாங் கையுறைத் தொழிற்சாலைக்குக் கிளம்பியவள், சீருடையோடே உட்கார்ந்துவிட்டாள். போலீஸ் தூக்கி லோரியில் ஏற்றியபோதும் கத்திக்கொண்டுதான் இருந்தாள். லயம் தப்பவில்லை. ஆனால் அந்தக் கலாட்டாவுக்குப் பிறகுதான் கம்பெனி பேச்சுவார்த்தைக்கு இறங்கி வந்தது. கெர்லிங் பக்கம், தோட்டம் முடிந்து காடு தொடங்கும் இடத்தில் ஆற்றோரமாக ஒரு நிலத்தைக் காட்டி, அங்கே வீடு கட்டித் தருகிறோம் என்றது.

லயம் போனபின் வருஷக்கணக்கில் தகரக் கொட்டகையில் வெந்துகொண்டிருந்த குடும்பங்களில் ஒருவர்கூட அது யாருடைய நிலம் என்று கேட்கவில்லை. விமலாவும் கேட்கவில்லை.

நிலத்தைச் சுத்தம் பண்ண மண்வாரி இயந்திரத்தோடு போன காலையில் பாதையின் குறுக்கே பெரிய மரக்கட்டைகள் கிடந்தன. அவற்றின் பின்னால் கம்பம் எனப்படும் கிராமத்துத் தெமுவான் ஆட்கள் நின்றார்கள். அந்தக் காட்டின் பூர்வகுடிகள், அஸ்லிகள் என்பார்கள். முன்னால் நின்றவளை விமலாவுக்குத் தெரியும். இந்தான். அதே தொழிற்சாலையில் வேலை செய்தவள். ஒரே பஸ்ஸில் பக்கத்துப் பக்கத்து சீட்டில் தூங்கிக்கொண்டு போயிருக்கிறார்கள். பக்கத்தில் அவள் அப்பா, கம்பத்துத் தலைவர், ஒரு கட்டையில் சாய்ந்து நின்றார்.

"வழிய விடு, இந்தான்," என்றாள் விமலா மலாயில். "இது எங்களுக்குக் கொடுத்த இடம்."

"கொடுத்தவன் யாரு? இங்க நிக்கிற டுரியான் மரமெல்லாம் எங்க முப்பாட்டன் நட்டது. மூங்கிலுக்குப் பின்னால எங்க ஆளுங்களப் புதைச்சிருக்கோம்."

"பத்திரம் இருக்கா உங்ககிட்ட?"

"உங்க லயத்துக்கு என்ன பத்திரம் இருந்துச்சு?"

விமலாவுக்கு முகம் சுட்டது. "நாங்களும் இந்த மண்ணுலதான் பொறந்தோம்," என்று கத்தினாள்.

"பொறந்த இடத்துல போய்க் கேளு. அங்கேருந்து வெரட்டிட்டாங்கன்னா எங்க தலையில வந்து ஏறுவியா?"

வீடு கேட்கும் குழுவின் தலைவர் தங்கராஜு முன்னால் வந்தார். தோட்டத்தில் ஆட்களை வேலை வாங்கும் மண்டோராக இருந்தவர். அந்தக் குரல் இன்னும் போகவில்லை. "இந்தச் சக்காய்ங்ககிட்ட என்ன பேச்சு? மண்வாரிய விட்டுத் தள்ளு லா, புனிதா!"

பூர்வகுடிகளை அப்படிச் சொல்வது எவ்வளவு கேவலம் என்று அங்கிருந்த எல்லாருக்கும் தெரியும். எதிர்ப்பக்கத்திலிருந்து ஒருவன் காறித் துப்பிவிட்டு, தமிழர்களைத் திட்டும் அதே மாதிரிச் சொல்லோடு, "கெலிங்! கப்பல் ஏறிப் போங்கடா!" என்றான். கற்கள் பறந்தன. இந்தப் பக்கமிருந்தும் பறந்தன.

இயந்திரத்தை ஓட்டிய புனிதன் விமலாவின் தம்பி. கம்பெனியின் காண்ட்ராக்டரிடம் அப்போதுதான் வேலைக்குச் சேர்ந்திருந்தான். ஒரு கல் கண்ணாடியில் விழுந்து விரிசல்விட, அவன் ஆத்திரத்தோடு வாளியை இறக்கி மேல்கட்டையை நெம்பினான். கட்டை மறுபக்கம் உருண்டது. கிழவரால் விலக முடியவில்லை. அவருடைய கால் முறிந்த சத்தம் விமலாவுக்குக் கேட்டது.

இந்தான் கையிலிருந்த பாராங் கத்தியை ஓங்கிக்கொண்டு ஓடிவந்து, இயந்திரத்தின் கையில் ஓடும் எண்ணெய்க் குழாயை வெட்டினாள். எண்ணெய் பீறிட்டு அவள் மேலெல்லாம் வழிந்தது. வாளி தொப்பென்று தரையில் விழுந்தது. புனிதனை அவள் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

போலீஸ் வந்து அவளைத்தான் முதலில் ஏற்றியது.

கோலா குபு பாரு போலீஸ் நிலைய வாசலில் தங்கராஜு விமலாவை ஓரமாக இழுத்துப்போனார். "அவ கத்தியோட உன் தம்பிய வெட்ட வந்தா, அவன் பயந்துபோய் லீவரத் தட்டிட்டான், கட்டை உருண்டுருச்சு. நாங்க எல்லாரும் அப்படித்தான் சொல்லியிருக்கோம். நீயும் அதையே சொல்லிரு."

"கட்டைதானே அண்ணே முதல்ல உருண்டுச்சு?"

"அத நீ சொன்னா புனிதன் உள்ள போவான். அவ உள்ள போனா அந்தக் கூட்டம் அடங்கும். நமக்கு வீடு வரும். யோசிச்சுக்கோ."

விமலா யோசித்தாள். இந்தான் மேல் அவளுக்கு இரக்கம் வரவில்லை. காலையில் வாங்கிய சூடு இன்னும் முகத்தில் இருந்தது. ஆனால் லயம் இடிந்த அன்று கம்பெனி ஆட்கள் இதே நிலையத்தில், அவள் கல்லெறிந்து ஒரு காவலாளியின் மண்டையை உடைத்ததாகச் சொல்லியிருந்தார்கள். எறியாத கல்லுக்காக அவள் எத்தனையோ முறை நீதிமன்றப் படி ஏறினாள். 

உள்ளே போய், "கட்டைதான் முதல்ல உருண்டுச்சு. கத்தி அதுக்கப்புறம்தான். என் தம்பிய அவ தொடவே வரல," என்றாள்.

இந்தானை விட்டார்கள். புனிதன் மேல் வழக்கு விழுந்தது. ஜாமீனில் வந்தான், வேலை போயிற்று. கொட்டகைக்குள் நுழைந்தவன் துணிகளைப் பைக்குள் திணித்தான்.

"டேய், நான் நடந்ததத்தானே சொன்னேன்?"

"எனக்கு அக்கான்னு ஒருத்தி இல்ல," என்று சொல்லிவிட்டுத் தங்கராஜுவின் கொட்டகைக்குப் போய்விட்டான்.

தெமுவான்கள் வழக்குப் போட, நிலத்தில் வேலை நின்றது. வீடு நின்றதற்கு விமலாதான் காரணம் என்று கொட்டகைகளில் முடிவாயிற்று. அவள் கதவில் யாரோ கழிவு எண்ணெயை ஊற்றினார்கள். பொதுக் குழாயடியில் பக்கத்துக் கொட்டகைக் குமுதா அவள் வாளியைக் காலால் தள்ளிவிட்டு, "போ, உன் அஸ்லிக்காரங்க ஆத்துல போய் மொண்டுக்க," என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அவள் ஆற்றைத் தாண்டிக் கம்பத்துக்குப் போனாள். பெரியவர் காலில் கட்டோடு படுத்திருந்தார். இந்தான் வாசலை மறித்து நின்றாள்.

"எதுக்கு வந்த?"

"அப்பாவப் பார்க்கலாம்னு."

"பார்த்துட்டல்ல, போ. உண்மை சொன்னன்னு மாலை போடுவேன்னு நெனச்சியா? அந்தக் கட்டைய உருட்டக் கூட்டிட்டு வந்தவளே நீதான்."

நாய்கள் ஆறு வரைக்கும் அவளை விரட்டிக்கொண்டு வந்தன.

அடுத்த குழுக் கூட்டத்தில் விமலா எழுந்து நின்றாள். "லயம் இருந்த இடம் இன்னும் காலியாத்தான் கெடக்கு. நாம ரப்பர் பால் வெட்டுன மண்ணு அது. அங்கதான் நமக்கு வீடு வேணும்னு கேட்போம். அத விட்டுட்டு அடுத்தவன் சுடுகாட்டுல போய் ஏன் கட்டணும்? கம்பெனி நம்மள அவங்களோட மோத விட்டுட்டு வேடிக்கை பார்க்குது."

"அங்க பங்களா கட்டப்போறான். உனக்குத் தருவானா?" என்றார் தங்கராஜு. கூட்டம் சிரித்தது. பிறகு அவளைக் குழுவிலிருந்து நீக்கினார்கள். வெளியே வந்தபோது நான்கைந்து குடும்பங்கள் அவள் பின்னால் வந்தன. ஆச்சரியமாக, குமுதாவும் வந்தாள். "உன்மேல பாசமெல்லாம் இல்ல. சுடுகாட்டு மேல படுத்துத் தூங்க எனக்குப் பயம்," என்றாள்.

கோலா குபு பாருவில் இருந்த கம்பெனி அலுவலக வாசலில் அவர்கள் பதாகையோடு போய் நின்ற அன்று, தெமுவான்களும் வந்திருந்தார்கள். யாரும் சொல்லிவைத்து வரவில்லை. வாசலின் அந்தப் பக்கம் அவர்கள், இந்தப் பக்கம் இவர்கள். வெயில் ஏறியது. அந்தப் பக்கமிருந்த மர நிழலுக்கு இவர்களில் ஒருத்தி நகர்ந்தாள். அங்கிருந்தவர்கள் முறைத்ததும் திரும்பி வந்துவிட்டாள்.

நடுப்பகலில் மேனேஜர் வெளியே வந்தார். "ஒரு கூட்டத்தத்தான் இன்னிக்குப் பார்க்க முடியும். யார் வர்றீங்க?"

குமுதா விமலாவின் முதுகைத் தள்ளினாள். "போ, போ."

விமலா நகரவில்லை. "அவங்க போகட்டும்," என்றாள் மலாயில்.

இந்தான் அவளைத் திரும்பிப் பார்த்தாள். கண்ணில் வெறுப்பு அப்படியேதான் இருந்தது. "நீ விட்டுக் கொடுத்துத்தான் நான் போகணுமா? எங்க நிலம். நான் எப்படியும் போவேன்."

"போ அப்ப. எங்களுக்கு லயத்து நிலம்தான் வேணும்னு நாங்களும் கேப்போம். உங்க நிலம் வேணாம்னு அவன்கிட்ட சொல்லு."

"உன் வார்த்தைய நீயே வந்து சொல்லு. உன் தூதுக்காரி இல்ல நான்," என்றாள் இந்தான். கதவை முதுகால் முட்டித் திறந்தவள் உள்ளே போகவில்லை. கதவு மூடாமல் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"ஒரு கூட்டம்னு சொன்னேன்," என்றார் மேனேஜர்.

விமலா படியேறி, இந்தானை உரசாமல், அவள் பிடித்திருந்த கதவு வழியாக உள்ளே போனாள்.