நாற்பது பேர் பார்த்த கபானா

கூடத்துக்குள் படகு எஞ்சின் உறுமுவது போலச் சத்தம் கேட்டு, அகப்பையும் கையுமாக ஓடி வந்தாள் றஹ்மா.

உறுமியது லெப்டொப். அவளுடைய கணவர் ஸலாஹுதீன் அதைத் தூக்கி, மீன் ஏற்றும் வெள்ளை நுரைப் பெட்டியான றெஜிபோமின் பாதி மூடிமேல் வைத்துவிட்டு, மறுபாதியால் உள்ளே ஐஸ் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார்.

"என்னங்க இது, லெப்டொப்பா, பாரை மீனா?"

"சூடேறிட்டு புள்ள. மெசேஜ் ஒண்டு வந்திரிக்கி, திறக்குதில்ல!"

கற்பிட்டியில் காற்றுக் காலம் பிறந்தால், பட்டத்தைப் பிடித்துக்கொண்டு கடலில் சறுக்க வெள்ளைக்காரர்கள் வந்து குவிவார்கள். அவர்களை நம்பி வீட்டுக்குப் பின்னால் தென்னங்கிடுகு வேய்ந்து, அவர்கள் தங்க ஒரு கபானாக் குடில் கட்டியிருந்தார் ஸலாஹுதீன். அறை பதியும் இணையத்தளமொன்றில் படத்தோடு போட்டும் ஆயிற்று. தங்கத்தான் ஒருவரும் வரவில்லை. ஆனால் அந்தப் பக்கத்தைப் பார்ப்போர் தொகை நாளுக்கு ஒன்றாய் ஏறி நாற்பதாகிவிட்டதாகத் தளம் சொன்னது. பள்ளிவாசல் வாசலிலும் தேத்தண்ணிக் கடையிலும் அந்த நாற்பது பேரைச் சொல்லியே நெஞ்சை நிமிர்த்தித் திரிந்தார் மனிதர்.

இப்போதுதான் முதல் விருந்தாளி இடம் கேட்டு எழுதியிருக்கிறார். ஒரு மணித்தியாலத்துக்குள் பதில் போகாவிட்டால் ஆள் வேறிடம் பார்த்துவிடும் என்று ஸலாஹுதீனின் பட்டன் போனுக்குத் தகவல் வந்திருந்தது. அதில் பாதி நேரத்தைத் திரையில் சுற்றிய வட்டமே தின்றுவிட்டது.

"இந்தப் பிரவுசர் சரிவராதுங்க. என்ட போன்ல இரிக்கிற சின்னதப் போடுவம். பாரமில்ல."

"அது சின்னப் புள்ளைகள்ற சாமான். இது பெரிய கம்பெனி!"

"பெரிசுதான். இந்தக் களப்புத் தண்ணியக் கடக்க நீங்க கப்பலா கொண்டு போறீங்க?"

அவளுடைய போனை மகள் வகுப்புக்குக் கொண்டு போயிருந்தாள். இல்லாவிட்டால் இத்தனை பேச்சுக்கு இடமே இருந்திராது. கணவரை ஒருபக்கம் விலக்கிவிட்டு, திணறித் திணறி ஓடிய பழைய பிரவுசரைக் கொண்டே புதியதை இறக்கினாள். அது கண்ணிமைக்குமுன் திறந்தது.

"பாஸ்வேர்ட் என்ன?"

ஸலாஹுதீன் கூரையைப் பார்த்தார். "உன்ட பேர்தான்."

றஹ்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு அடித்தாள். மின்விசிறி உண்டா, காலையில் மீன் கிடைக்குமா என்று கேட்டிருந்தார் விருந்தாளி. இரண்டுமே உண்டு என்று அனுப்பினாள். உடனே பதில் வந்தது: வெள்ளிக்கிழமை வருகிறோம்.

"அல்ஹம்துலில்லாஹ்!" ஸலாஹுதீன் ஐஸ் கட்டியோடு ஒரு சுற்றுச் சுற்றினார்.

உறுமல் மட்டும் ஓயவில்லை. பழைய பிரவுசரை மூடக் கை வைத்தாள்.

"மூடாத, மூடாத! அது கட மூடின மாதிரி. பொறகு ஆள் எப்புடி வரும்?"

றஹ்மா உற்றுப் பார்த்தாள். திரையின் மேல்விளிம்பில் பக்கங்கள் நெருக்கியடித்து நின்றன. முதலாவதில் அவர்களுடைய கபானா. அடுத்ததிலும் அதே கபானா. கடைசிவரை அதே கிடுகுக் கூரைதான்.

"சுபஹ் தொழுதிட்டு வந்து நாளுக்கொரு கதவு புதுசாத் திறந்து வெச்சன்," என்றார் ஸலாஹுதீன் பெருமையாக. "லெப்டொப்பப் போட்டா போதும், அம்புட்டும் தன்னால திறக்கும்."

றஹ்மா இடது கையில் இன்னும் இருந்த அகப்பையைக் கீழே வைத்தாள்.

"அப்ப, ஊரெல்லாம் சொல்லித் திரிஞ்ச அந்த நாற்பது பேரும் நீங்கதானா?"