பொன்னாடை போர்த்திய தழும்பு

மறைத்துக்கொள் என்று பெண்ணுக்குச் சொல்வதற்கு நம் சமூகம் எப்போதும் ஒரு காரணம் வைத்திருக்கிறது. ஈப்போ நகரை அடுத்த ஜெலாப்பாங்கில் தையற்கடை நடத்தும் மாதுமைக்குப் புற்றுநோயால் இடப்பக்க மார்பை அகற்றியபோது, பார்க்க வந்த உறவினர்கள் பழத்தோடு ஒரு பொட்டலம் பஞ்சும் கொண்டுவந்தார்கள். ரவிக்கைக்குள் வைத்துக்கொண்டால் யாருக்கும் தெரியாது என்றார்கள். வலிக்கிறதா என்று கேட்டவர் எவருமில்லை.

அந்தப் பஞ்சை அவள் ரவிக்கைக்குள் வைக்கவில்லை. கழுத்திலிருந்து இடுப்புவரை ஒரு பெண்ணுடம்பைத் துணியால் தைத்து, அதன் முதுகுக்குள் திணித்தாள். தோலுக்கு எடுத்தவை, இப்போது மூடப்பட்டுவிட்ட தோட்டங்களில் பாலெடுக்க ரப்பர் மரம் சீவிய பெண்கள் அணிந்த முழுக்கைச் சட்டைகள். எத்தனை முறை துவைத்தும் போகாத பால்கறை அவற்றில் கருத்துக் கிடந்தது. வலப்பக்கம் முழு மார்பு. இடப்பக்கம் தட்டை. அங்கே அக்குளிலிருந்து நெஞ்சுக்குழிவரை சிவப்பு நூலில் ஒரு தழும்பு, முடிச்சுகள் வெளியே தெரியும்படி. மரப்பட்டையில் கத்தி இழுத்த கோடும் அப்படித்தான் சரிந்திருக்கும்.

ஈப்போவில் ஒரு தமிழர் சங்கம் மகளிர் கைவினைக் கண்காட்சி நடத்தியது. அதில் இதை வைக்க வந்தாள். சங்கத் தலைவர் சதாசிவம் முந்தைய நாளே பார்த்துவிட்டார். குடும்பங்கள் வருகிற இடம், முன்பக்கத்தைச் சுவர் பார்க்கத் திருப்பி வை என்றார். அவள் மறுத்தாள். திருப்பினால், அவள் ஏற்க மறுத்த பஞ்சை ஊரே கூடி அவள் நெஞ்சில் திணித்ததாகிவிடும்.

மறுநாள் காலை சிறப்பு விருந்தினர்கள் மண்டபத்துக்குள் நுழைந்தார்கள். பதறிய சதாசிவம், அவர்களுக்கென்று தட்டில் வைத்திருந்த பொன்னாடைகளில் ஒன்றை உருவித் துணியுடம்பின் மார்பு மறையப் போர்த்தினார். பொன்னாடையைக் கண்டதும் படக்காரர் படம் எடுத்தார். கூட்டம் கைதட்டியது. எதற்கென்று எவரும் யோசிக்கவில்லை, பழக்கம்.

கைதட்டல் ஓயுமுன் மாதுமை ஒலிவாங்கியை எடுத்தாள்.

“நன்றிங்க தலைவரே. பொம்பளையோட தழும்புக்குப் பொன்னாடை போட்ட முதல் ஆளு நீங்கதான்.”

சிரிப்பு எழுந்தது. சதாசிவம் அருகில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“வேணாம் மாதுமை. மானம் போவுதுலா.”

“யாரு மானம்ணே? வெட்டுனது என்னை. தச்சது என்னை. படம் எடுத்தாச்சுல்ல, பொன்னாடையக் கழட்டி மடிக்கிறதுதானே நம்ம வழக்கம்?”

கழற்றினாள். மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள். பிறகு கூட்டத்தைப் பார்த்துப் பேசினாள். கட்டி தட்டுப்பட்ட பிறகும் மருத்துவரிடம் மார்பைக் காட்டக் கூசி நாட்களைக் கடத்தியதைச் சொன்னாள். அந்த வெட்கம்தான் மார்பைத் தின்றது, இனி அதற்கு ஒரு கவளம்கூடக் கிடையாது என்றாள். இந்த உடம்பு முன்பக்கம் காட்டியே நிற்கும். பார்க்கக் கூசுகிறவர்கள் தங்கள் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொள்ளலாம் என்றாள்.

தெலுக் இந்தானிலிருந்து கூடை விற்க வந்திருந்த கருப்பம்மாள் பக்கத்து மேசையிலிருந்து எழுந்து வந்தாள். சிவப்பு நூலின் மேல் விரலை மெல்ல ஓட்டினாள்.

“என்னோடது இன்னும் கொஞ்சம் மேல, தங்கச்சி.”

ஒலிவாங்கி அதையும் மண்டபம் முழுக்கச் சொன்னது. மாதுமை அதைக் கீழே வைத்துவிட்டு ஊசியில் சிவப்பு நூல் கோத்தாள்.

“எங்கன்னு காட்டுங்கக்கா.”

கருப்பம்மாள் தன் நெஞ்சின் மேல் விரல் வைத்துக் காட்டினாள். கையில் பொன்னாடையோடு சதாசிவம் நின்ற இடத்திலேயே நின்றார். பெண்கள் அவரைச் சுற்றிக் கடந்து, ஊசி பிடித்திருந்த மாதுமையிடம் வந்தார்கள்.