பிந்தி வந்த மகனின் வசனம்

நூலகத்தின் மாடியறையில் சனிக்கிழமைதோறும் ஆறேழு பேர் கூடிப் பழைய நாடகங்களை வாய்விட்டுப் படிப்பார்கள். மனிதர்களைப் புரிந்துகொள்ளத்தான் என்பார் நூலகர். அவர்களில் ஒருவரான முடிதிருத்துபவருக்கோ அரசி வேஷம் கிடைத்தால் போதும்; குரலைக் குழைத்துக் குழைத்துப் படித்து எல்லோரையும் சிரிக்க வைத்துவிடுவார். ஆஸ்பத்திரி நர்ஸ் ஒருத்தியும் தவறாமல் வருவாள்.

அன்றைய நாடகத்தில் அரசன் இறந்துபோகிறான். போர்முனையில் இருக்கும் மகன் மனமுடைந்துவிடுவான் என்று அரசி சேதியை மறைக்கிறாள். நர்ஸுக்குச் சுருக்கென்றது. வார்டில் எத்தனையோ குடும்பங்களுக்குச் சாவுச் சேதி சொன்னவள், நாலு வருஷத்துக்கு முன் அம்மா கண்ணை மூடியபோது சொந்தத் தம்பிக்குச் சொல்லவில்லை. அவனுக்குக் கடைசிப் பரீட்சை நடந்துகொண்டிருந்தது. எல்லாம் முடிந்தபின் வந்தவன், அன்றிலிருந்து முகங்கொடுத்துப் பேசுவதில்லை. அவன் நல்லதுக்குத்தானே செய்தோம் என்று அவளுக்கும் வீம்பு.

"அரசி பண்ணதுல என்ன தப்பு? பாசம்தானே?" என்றாள் முந்திக்கொண்டு.

"சரிம்மா, மகன் பேசறதை நீங்களே படிங்க, பார்ப்போம்" என்றார் நூலகர்.

கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தாள். போர் முடிந்து வந்த மகன் தாயிடம் கேட்கிறான்: "வெற்றியை யார் கேட்டது? அவர் கையை ஒருமுறை பிடித்திருப்பேனே!"

அடுத்த வரி வரவில்லை. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாள். அரசியாக இருந்த முடிதிருத்துபவர் தண்ணீர்ப் பாட்டிலை அவள் பக்கம் நகர்த்தினார்.

படி இறங்கியதும் தம்பிக்குப் போன் போட்டாள். மூன்றாவது தடவைதான் எடுத்தான்.

"என்ன?"

இத்தனை நாள் சொல்லிவந்த சமாதானமெல்லாம் நாக்கு நுனிவரை வந்தது. விழுங்கிக்கொண்டாள்.

"நான் பண்ணது தப்புடா. அம்மாவைப் பார்க்க விடாம பண்ணிட்டேன்."

போனை வைத்துவிடுவானோ என்று பயந்தாள்.

"கடைசி நாள் எப்படி இருந்தாங்க?" என்றான். "யாருமே எனக்குச் சொல்லலக்கா."

அவன் அக்கா என்று கூப்பிட்டு நாலு வருஷம் ஆகியிருந்தது. நூலக வாசல் படியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

"காலையில நல்லாத்தான் பேசினாங்க. ஜன்னலைத் திறக்கச் சொன்னாங்க. தலையை வாரிவிடுன்னாங்க. சிக்கு எடுக்கும்போது என்னைத் திட்டினாங்க..."

"என்னன்னு?"

"நர்ஸாம் நர்ஸு, ஒரு சிக்கு எடுக்கத் தெரியலன்னாங்க."

அவனுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பிறகு அழுதான். அழுது ஓயும்வரை காத்திருந்துவிட்டு, மத்தியானம் நடந்ததைச் சொல்ல ஆரம்பித்தாள்.